வாளேந்திய சிட்டும் குழல் நீண்ட பூவும்

சங்கப் புலவர் மலரையும் புள்ளையும் கூர்ந்து நோக்கியவர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்படக் கூறிய திறத்தைத் தமிழ் பயில்வோர் அனைவரும் அறிவர். இத்தகைய நுண்ணோக்கு அரபு மொழியிலும் வளமாக இருந்தது. 9ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்து அறிஞர் அல்ஜாஹிஸ், உயிரினங்களைப் பற்றிக் 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலை இயற்றினார். 14ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அறிஞர் அத்தமீரி, 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் நூலில் விலங்கு, பறவைச் செய்திகளை அகரவரிசைப்படுத்தித் தந்தார். ஆயினும் இம்மூவரும் கண்டிராத, கேட்டுமிராத ஒரு பறவைக் குடும்பம் உண்டு. அதுவே ஓசனிச்சிட்டுக் குடும்பம். அக்குடும்பத்தின் 360க்கும் மேற்பட்ட வகைகளும் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன.

அவற்றுள் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காடுகளுக்கு உரியது வாளலகு ஓசனிச்சிட்டு. அதன் தோற்றத்தையும் வாழிடத்தையும் இக்கட்டுரையில் காண்போம். பறவையைப் பற்றி எழுதுவோர் தோற்றத்தை ஒரு பகுதியாகவும் வாழிடத்தை மற்றொரு பகுதியாகவும் பிரித்துக் கூறுவது வழக்கம். நாமும் அவ்வாறே பகுத்துக்கொள்வோம். ஆயினும் இப்பறவையைப் பொறுத்தவரை தோற்றமும் வாழிடமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பதே நாம் வலியுறுத்த விரும்பும் கருத்தாகும்.

பெயர் விளக்கம்

'ஓசனித்தல்' என்பது பறவை சிறகடித்தலைக் குறிக்கும் பழஞ்சொல். இடையறாது சிறகடித்து, அச்சிறகொலியாலேயே அறியப்படும் சிட்டு ஆதலின் ஓசனிச்சிட்டு என்னும் பெயர் பொருத்தமுடையதே. நம் மாணவர் பலர் வீட்டுத் தோட்டத்தில் செம்பருத்திப் பூவைச் சுற்றி வரும் தேன்சிட்டையே ஓசனிச்சிட்டு என்று கருதுகின்றனர். இஃது ஏற்புடையதன்று. நம் தேன்சிட்டு பெரும்பாலும் கிளையிலோ காம்பிலோ அமர்ந்து தேன் அருந்தும். ஓசனிச்சிட்டோ பூவின் முன் அந்தரத்தில் அசையாது நின்று அருந்தும், பின்னோக்கியும் பறக்கும். உறவு முறையிலும் இரண்டும் வேறு. ஓசனிச்சிட்டுக்கு நெருங்கிய உறவினம், நம் ஊர்க் கோபுரங்களையும் பள்ளிவாசல் மினாராக்களையும் சுற்றிப் பறக்கும் உழவாரன் என்னும் பறவையே. தேன் உண்ணும் தொழில் ஒன்றாக இருந்தமையால் தொடர்பற்ற இரு குடும்பங்களுக்கு ஒத்த வடிவம் அமைந்தது எனலாம்.

வாளலகு ஓசனிச்சிட்டை அறிவியல் உலகிற்கு 1840இல் விவரித்தவர் பிரான்சு நாட்டின் ஒகுஸ்த் புவாசொன்னோ. இவர் செயற்கைக் கண்கள் செய்வதில் பெயர் பெற்றவர். பறவையியலிலும் ஈடுபாடு கொண்டவர். இப்பறவையின் அறிவியல் பெயர் என்சிஃபெரா என்சிஃபெரா என்பதாகும். இலத்தீனில் 'என்சிஸ்' என்றால் வாள். 'என்சிஃபெரா' என்றால் வாளேந்தியது. அம்மலைநாட்டு மக்கள் பேசும் ஸ்பானிய மொழியிலும் வாளலகு என்னும் பொருள்படவே இதனை அழைக்கின்றனர். முதன்முதலாகக் காண்பவர் எவர்க்கும் வேறு பெயர் தோன்றாது என்பதற்கு இதுவே சான்று.

தோற்றம்

இதன் எடை 10 முதல் 15 கிராம் வரை. இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களைக் கையில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ அந்த எடை புலப்படும். ஓசனிச்சிட்டுகளுள் இது பெரிய உருவினதே. ஆண் பறவையின் தலை செம்பும் வெண்கலமும் கலந்தாற்போன்ற நிறமுடையது. முதுகு கரும்பச்சை, மார்பும் வயிறும் ஒளிரும் பச்சை, வால் சற்றே பிளவுபட்டது. கண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு வெண்புள்ளி உண்டு. பெண் பறவையின் நிறம் இத்துணை ஒளிராது. அதன் கழுத்தும் மார்பும் வெண்மையில் பச்சைப் புள்ளிகள் தெளித்தாற்போலத் தோன்றும்.

இறகில் மின்னும் இப்பச்சை சாயம் தோய்த்தாற்போன்ற நிறம் அன்று. இறகின் உள்ளே அடுக்கடுக்காக அமைந்த மிக நுண்ணிய தட்டுகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் அந்நிறம் பிறக்கின்றது. ஒளி விழும் கோணம் மாறினால் நிறமும் மாறும். மயிற்பீலியின் ஒளியும் இவ்வகையினதே.

இனி, இப்பறவைக்குப் பெயர் தந்த அலகைக் காண்போம். அதன் நீளம் 8 முதல் 11 செ.மீ. வரை. வாலை நீக்கிப் பார்த்தால் உடலின் நீளத்தை விட அலகின் நீளம் மிகுதி. உடலினும் நீண்ட அலகு கொண்ட பறவை உலகில் இஃது ஒன்றே. ஐந்தரை அடி உயர மனிதர் ஒருவருக்கு ஆறடி மூக்கு அமைந்தால் எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். கரிய நிறமும் சற்றே மேல்நோக்கிய வளைவும் உடையது இவ்வலகு. ஆணை விடப் பெண்ணுக்கே அலகு நீளம். நாவும் அலகுக்கு ஏற்ப நீண்டது; நுனியில் இரண்டாகப் பிளவுபட்டது. ஓசனிச்சிட்டுகளின் நாவு மெல்லிய குழாய்போலத் தேனைத் தானாக உறிஞ்சுகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நாவின் நுனி தேனுள் விரிந்து, வெளியே எடுக்கும்போது மூடித் தேனைச் சிறைப்பிடிக்கிறது என்பதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

அலகால் வரும் இடர்கள்

எந்தச் சிறப்பும் விலையின்றி வருவதில்லை. பறவைகள் பொதுவாக அலகால் இறகு கோதித் தூய்மை செய்துகொள்ளும். வாளலகுச் சிட்டின் அலகோ அதன் உடலையே எட்டாது! ஆதலின் அது கால்களாலேயே தன்னைக் கோதிக்கொள்கிறது. கிளையில் அமரும்போது அலகை வானோக்கி நிமிர்த்தியே வைத்திருக்கும். முன்னோக்கி நீட்டினால் அதன் பாரம் கழுத்தை இழுக்கும் அல்லவா? உடல் வளர்ச்சிக்கு வேண்டிய புரதத்துக்காகச் சிறு பூச்சிகளையும் உண்ண வேண்டும். நுனியால் கொத்திப் பிடித்தால் அப்பூச்சியை வாய்வரை கொண்டுவருவது எளிதன்று. எனவே அலகை அகலத் திறந்தபடி பறந்து பூச்சிகளைப் பிடிக்கின்றது.

இத்தனை தொல்லைகளையும் பொறுத்து இவ்வலகைச் சுமப்பது எதன் பொருட்டு? விடை அதன் வாழிடத்தில் உள்ளது.

வாழிடம்

வெனிசுவேலாவின் மேற்குப் பகுதி தொடங்கிக் கொலம்பியா, எக்குவடோர், பெரு ஆகிய நாடுகள் வழியாகப் பொலிவியா வரை, ஆண்டிஸ் மலைத்தொடரின் ஈரமிக்க சரிவுகளில் இப்பறவை வாழ்கின்றது. கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் முதல் 3,500 மீட்டர் வரை காணப்படினும், 2,400 மீட்டருக்கு மேலேதான் மிகுதி. நம் நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆகவே தமிழகத்தின் மலைகள் முடியும் உயரத்தில்தான் இப்பறவையின் வாழ்வு செழிக்கத் தொடங்குகிறது எனலாம்.

அக்காடுகள் முகில் தவழும் காடுகள். ஆண்டு முழுதும் மூடுபனி மரங்களைத் தழுவி நிற்கும். கிளைகளில் பாசி தொங்கும். ஆர்க்கிட் முதலிய தொற்றுச் செடிகள் மரங்களையே தரையாகக் கொண்டு வளரும். மேலே செல்லச் செல்ல மரங்கள் குட்டையாகிக் கோணித் திருகி நிற்கும். அதற்கும் மேலே மரங்கள் அற்றுப்போய்ப் புல்வெளி விரியும். இக்காட்டின் உள்ளும் ஓரத்திலும் வாளலகுச் சிட்டு உலவுகின்றது. எக்குவடோரின் தலைநகர் கீட்டோவுக்கு அருகில், பிச்சிஞ்சா எரிமலைச் சரிவில் உள்ள யானாகோச்சா காப்பகம் இதனைக் காண்பதற்குப் பெயர் பெற்ற இடங்களுள் ஒன்று. கருமார்பு கொண்ட மற்றோர் அரிய ஓசனிச்சிட்டைக் காப்பதற்காக ஹொகோடோகோ அறக்கட்டளை 2001இல் அக்காப்பகத்தை அமைத்தது. ஒன்றைக் காக்க எடுத்த முயற்சி பலவற்றுக்கும் நிழலாயிற்று.

இம்மலைகளில் இரவுக் குளிர் கடுமையானது. பறக்கும்போது ஓசனிச்சிட்டின் இதயம் நிமிடத்திற்கு 1,000 முறைக்கும் மேல் துடிக்க வல்லது. அவ்வேகத்தில் எரியும் உடல், உணவில்லாத நீண்ட குளிரிரவைக் கழிப்பது எவ்வாறு? இக்குடும்பப் பறவைகள் பல, இரவில் உடல் வெப்பத்தைத் தாழ்த்தி, உயிர் ஒடுங்கியது போன்ற உறக்கத்தில் ஆழ்கின்றன. பெரு நாட்டு ஆண்டிஸில் ஆறு வகை ஓசனிச்சிட்டுகளை ஆய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றுள் ஒரு வகையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 3.3 டிகிரி செல்சியஸ் வரை தாழ்ந்தது. விடியலில் அது மீண்டும் உடல் சூடேறிப் பூவைத் தேடிப் பறந்தது! எல்லாம் வல்ல இறைவனின் படைப்பாற்றலை எண்ணி வியப்பதற்கு இஃதொன்றே போதும்.

பூவும் அலகும்

அம்மலைகளில் தாட்பூட்பழக் கொடியின் இனங்கள் பல வளர்கின்றன. நம் வேலியோரச் சிறுபூனைக்காலியும் அவ்வினத்ததே. ஆண்டிஸில் வளரும் பாசிஃப்ளோரா மிக்ஸ்டா என்னும் கொடியின் இளஞ்சிவப்புப் பூ, 10 செ.மீ. அளவுக்கு நீண்ட குழல் உடையது. தேன் அக்குழலின் அடியில் உள்ளது. தேனீயின் நாவு அதனை எட்டாது; பிற ஓசனிச்சிட்டுகளின் அலகும் எட்டாது. வாளலகு ஒன்றே எட்டும். அலகை முழுவதும் உட்செலுத்தித் தேன் அருந்தும்போது பறவையின் தலையிலும் அலகின் அடியிலும் பூந்தாது ஒட்டிக்கொள்கின்றது. அடுத்த பூவை நாடும்போது அத்தாது அங்கே சேர்கின்றது, கனி பிறக்கின்றது.

குழலின் நீளத்தில் ஒரு நுட்பம் உண்டு. குழல் குட்டையாயின் பறவை எட்ட நின்றே தேன் அருந்திச் சென்றுவிடும், தாது ஒட்டாது. குழல் நீண்டிருந்தால்தான் பறவை முகம் புதைத்து அருந்தும். பறவைக்கோ, அலகு நீண்டிருந்தால்தான் அடியிலுள்ள தேன் முழுதும் கிட்டும். இவ்வாறு பூ பறவையையும் பறவை பூவையும் நீளச் செய்தன; இதனை அறிவியலார் இணைப்பரிணாமம் என்பர். வாளலகுச் சிட்டை நம்பி வாழும் தாட்பூட்பழ இனங்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை என்றும், இவ்வுறவு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுப் பழமையுடையது என்றும் 2014இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகின்றது.

பிற ஓசனிச்சிட்டுகள் பல, பூக்கள் நிறைந்த ஒரு புதரைத் தமதாக்கி, வருவோரை விரட்டிக் காவல் காக்கும். வாளலகுச் சிட்டு அவ்வாறு செய்வதில்லை. தன் பூக்கள் காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூப்பதால், நாள்தோறும் ஒரு வழியை வகுத்துக்கொண்டு, பூ பூவாகச் சென்று திரும்புகிறது. வீடு வீடாகத் தபால் கொடுப்பவரின் நடையோடு இதனை ஒப்பிடலாம். அவர் வருகை நின்றால் கடிதங்கள் தேங்கும். இதன் வருகை நின்றால் கொடிகள் காய்ப்பது நிற்கும்.

நெருங்கிய உறவின் நொய்ம்மை

இவ்வுறவு அழகியது, ஆயினும் நொய்யது. பாசிஃப்ளோரா மிக்ஸ்டாவையும் இப்பறவையையும் ஒருங்கே ஆராய்ந்து 2001இல் வெளிவந்த கட்டுரை, எல்லை மீறிய தனிச்சிறப்பின் நொய்ம்மையையே தன் பொருளாகக் கொண்டது. ஒரே ஒரு தூதுவரை நம்பும் பூ, அத்தூதுவர் வாராத ஆண்டில் கனியின்றி நிற்கும். கள்வர்களும் உண்டு. பூத்துளைக் குருவி எனத்தக்க சிறு பறவைகள், கொக்கிபோல் வளைந்த அலகால் குழலின் அடியைத் துளைத்துத் தேனைக் களவாடுகின்றன. அவை வாயில் வழியே வாராமையால் தாது அவற்றின்மீது ஒட்டுவதில்லை.

சில கொடிகள் இப்பிணைப்பிலிருந்து விலகிச் சென்றமையையும் 2014ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துரைக்கின்றது. அவ்வினத்துச் சில வகைகள் குழலைக் குறுக்கிக்கொண்டு குட்டை அலகுச் சிட்டுகளிடம் தாது தந்தன. வேறு சில வௌவாலை நாடின. ஆகச் செடிக்கு வேறு வழியும் உண்டு. ஆனால் அவ்வழியைக் கடக்க இலட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். காட்டை அழிக்க ஒரு கோடைக்காலம் போதும்.

இப்பறவை விரும்பும் மற்றொரு பூ, ஊமத்தைக்கு உறவான புருக்மான்சியா என்னும் சிறுமரத்தின் பூ. கொம்பு வாத்தியம்போல் நீண்டு தொங்கும் அப்பூவின் ஒரு வகை செந்நிறமானது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் புருக்மான்சியா இனம் முழுவதும் காட்டில் அற்றுப்போனதாகக் குறிக்கப்பட்டுள்ளது. இன்று அது மனிதர் நட்டு வளர்க்கும் இடங்களில், வேலிகளிலும் தோட்டங்களிலும்தான் வாழ்கின்றது. அழிப்பதும் மனிதக் கை; வாழ வைப்பதும் மனிதக் கை என்பதை இப்பூ உணர்த்துகின்றது.

திணையும் மயக்கமும்

நிலத்துக்குரிய தெய்வம், உணவு, மரம், பறவை முதலியவற்றைக் கருப்பொருள் எனத் தமிழ் இலக்கணம் வகுத்தது. ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வந்து வழங்குவதற்கும் தொல்காப்பியம் இடம் தருகின்றது. செய்யுளுக்கு அது பொருந்தும். காடு அதற்கு அத்துணை எளிதில் இசைவதில்லை. ஆண்டிஸில் வாழைப்பழ வடிவில் காய்க்கும் ஒரு தாட்பூட்பழக் கொடி உண்டு. கொலம்பியாவில் அதனைக் 'குருபா' என்பர். தாயகத்தில் வாளலகுச் சிட்டு நாடும் அக்கொடி, இங்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் நீலகிரியில் சோலைக்காடுகளின் ஓரங்களில் படர்ந்து பரவுகின்றது. நீலகிரிக்குச் செல்லும் மாணவர் அதன் இளஞ்சிவப்புப் பூவைக் காணலாம். கொடி கடல் கடந்தது, பறவை கடக்கவில்லை. தன் மண்ணில் உறவாக இருந்தது, பிற மண்ணில் சோலை மரங்களின்மேல் ஏறி அவற்றை நெருக்கும் சுமையாயிற்று. பூ, புள், நிலம் மூன்றும் ஒருங்கிருக்கும்போதுதான் ஒவ்வொன்றும் தன் பொருளைப் பெறுகின்றது என்பதற்கு நம் மலையிலேயே கிடைக்கும் சான்று இது.

இன்றைய நிலை

வாளலகுச் சிட்டு இன்று அருகிவிட்ட இனம் அன்று; உலகப் பட்டியலில் அது கவலை குறைந்த பிரிவிலேயே உள்ளது. இது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் ஆண்டிஸ் சரிவுகளில் மேய்ச்சலுக்காகவும் பயிர்த்தொழிலுக்காகவும் காடுகள் துண்டுபட்டு வருகின்றன. புவி வெப்பம் உயர்வதால் மலைப்பறவைகள் மேலும் மேலே நகர்கின்றன. பெருவின் தென்கிழக்கில் 1985இல் பறவைகளைக் கணக்கெடுத்த ஒரு மலையில் 2017இல் மீண்டும் ஆய்வு செய்தனர். முன்னர் முகட்டருகே வாழ்ந்த சில வகைகள் அங்கே காணப்படவில்லை. மலையின் உச்சிக்கு மேலே ஏறிச் செல்வதற்கு வேறு மலை இல்லை.

நிறைவுரை

வாள் என்பது வெட்டுவதற்கு உரிய கருவி. ஆனால் இப்பறவை ஏந்திய வாள் எதனையும் வெட்டவில்லை. கொடியைக் கொடியோடும் பூவைப் பூவோடும் தைத்துச் செல்லும் ஊசியாகவே அது பணிபுரிகின்றது. நீண்ட அலகு அதற்கு வாய்த்த பெருமை மட்டும் அன்று. அக்காட்டிற்கு அது பட்டிருக்கும் கடனும் ஆகும். அலகை அருங்காட்சியகப் பேழையில் வைத்துக் காக்கலாம். அதன் பொருளையோ, பூவும் முகிலும் குளிரும் உள்ள அம்மலையில்தான் காக்க இயலும்.

கல்வியாலும் செல்வத்தாலும் தனிச்சிறப்பு எய்தியோர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். எவரிடத்தும் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்குமாயின், அதனை எதிர்பார்த்து நிற்போர் எவர் என்று தேடிச் செல்வது நம் கடமை.

நம் மாணவர் ஆண்டிஸ் மலைக்குச் செல்லாமலும் போகலாம். நம் கல்லூரி வளாகத்துச் செம்பருத்தியை நாடி வரும் தேன்சிட்டு எந்தப் பூவை எந்த வேளையில் நாடுகின்றது, எவ்வாறு அமர்கின்றது, எங்கே கூடு கட்டுகின்றது என்பதை ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதி வருவது எவர்க்கும் இயலும். எழுதும்போது அதனைத் தேன்சிட்டு என்றே எழுதுக. ஒவ்வோர் உயிரையும் அதற்குரிய பெயரால் அழைப்பதே அதனை அறிந்துகொள்வதன் தொடக்கம்.